விட்டுவிடச் சொல்லப்படும் சீசன்

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு இன்று எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள்: முதல் இரண்டு சீசன்களை விட்டுவிடுங்கள், மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்பேற்ற மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். முதல் சீசனுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் இரண்டாவதைத் தள்ளிவிடுவது விண்வெளிச் சாகசத் தொடர்களின் வரலாற்றையே தவறாக வாசிப்பது.

இந்த வகையில் இரண்டாம் சீசன்கள் பெரும்பாலும் பயத்தில் பிறந்தவை. 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' 1966இல் வண்ணத்துக்கு மாறியதோடு டாக்டர் ஸ்மித்தின் கோமாளித்தனத்தில் மூழ்கிப்போனது. மூல 'ஸ்டார் ட்ரெக்' மட்டும் தப்பியது. தியடோர் ஸ்டர்ஜன் எழுதிய 'அமோக் டைம்' ஸ்பாக்குக்கு ஒரு ஊரையும் உறவையும் சடங்கையும் தந்தது. மிகப் பெரிய இழப்பு 'ஸ்பேஸ்: 1999'. முதல் சீசனில் இருந்த அந்த நிதானமான, இருண்ட பிரமிப்பை தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃப்ரைபெர்கர் வந்து கலைத்தார். பேராசிரியர் பெர்க்மன் ஒரு வார்த்தை விளக்கமின்றிக் காணாமல் போனார், பாரி கிரேயின் இசை போனது, உருமாறும் மாயா வந்தாள். மாயாவாக நடித்த கேத்தரின் ஷெல் நல்ல நடிகை. அவருக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் மிருகங்களாக மாறும் வேலை. 'பக் ராஜர்ஸ்' 1981இல் புதுக் கப்பல் ஏறி, அந்தச் சீசனோடே முடிந்தது.

1988க்கு வருவோம். அமெரிக்கத் திரைக்கதையாசிரியர்கள் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இரண்டாம் சீசன் தாமதமாகத் தொடங்கி 22 அத்தியாயங்களில் முடிந்தது. முதல் அத்தியாயம், எழுபதுகளில் எடுக்கப்படாமலே போன ஒரு தொடரின் பழைய பிரதி. கடைசி அத்தியாயம், பணம் தீர்ந்துபோய் பழைய காட்சிகளை ஒட்டித் தைத்தது. இவை இரண்டும் மோசமானவை. ஆனால் இவற்றுக்கு நடுவில்தான் இந்தத் தொடர் தன் கேள்வியைக் கண்டுபிடித்தது.

அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர் ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்காத டாக்டர் புலாஸ்கி. டயானா முல்டார் நடித்த இந்த மருத்துவர் வந்ததுமே ஆண்ட்ராய்டு டேட்டாவின் பெயரைத் தப்பாக உச்சரிக்கிறார். திருத்தினால், அதனால் என்ன என்கிறார். குரூரம்தான். ஆனால் முதல் சீசனில் கப்பலே செல்லமாக வைத்திருந்த டேட்டா ஓர் உயிரா, வெறும் இயந்திரமா என்று முதன்முறையாக ஒருவர் சந்தேகித்தார். அந்தச் சந்தேகம் இல்லாவிட்டால் 1989 பிப்ரவரியில் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' வெறும் வசனமாகப் போயிருக்கும்.

அதை எழுதியவர் மெலிண்டா ஸ்நாட்கிராஸ். வழக்கறிஞராகப் பணியாற்றியவர், யாரும் கேட்காமல் தானாக எழுதி அனுப்பிய கதை அது. டேட்டாவைப் பிரித்து ஆராய ஒரு விஞ்ஞானி உத்தரவோடு வருகிறான். டேட்டா ராஜினாமா செய்கிறார். உடைமைக்கு ராஜினாமா செய்ய உரிமை உண்டா என்று விசாரணை. நீதித்துறை அலுவலகம் புதியது, ஆள் இல்லை. ஆகவே கேப்டன் பிகார்ட் டேட்டாவுக்காகவும் அவருடைய முதல் அதிகாரி ரைக்கர் எதிராகவும் வாதாட வேண்டும். மறுத்தால் உடனே டேட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பு. ரைக்கர் தனியே உட்கார்ந்து வரைபடங்களைப் புரட்டுகிறார். எதிர்த்தரப்பை வீழ்த்தும் ஆதாரம் கண்ணில் பட்டதும் முகத்தில் சிரிப்பு பரவுகிறது; அடுத்த கணம் அது யாரை வீழ்த்தும் என்பது உறைக்க, சிரிப்பு செத்துப்போகிறது. மன்றத்தில் நண்பனின் கையைக் கழற்றிக் காட்டுகிறார். முதுகில் உள்ள விசையை அழுத்த, டேட்டா மேசைமேல் சரிகிறார். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. விண்வெளித் தொடர் எதிலும் இவ்வளவு வன்முறையான காட்சியை நான் பார்த்ததில்லை.

அதே சீசனில், மே மாதம், மாரிஸ் ஹர்லியின் 'க்யூ ஹூ' வந்தது. போர்க் இனத்தின் முதல் வருகை. பதினெட்டுப் பேர் சாகிறார்கள். பிகார்டால் வெல்ல முடியவில்லை, உதவி கேட்டுத்தான் மீள்கிறார். அற்புதமான அத்தியாயம், செருக்கு அடங்குவதைப் பற்றியது. பின்னால் வந்தவர்களோ அடக்கத்தை விட்டுவிட்டு எதிரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1996இல் 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' படம் போர்க்குக்கு ஓர் அரசியைத் தந்து, அந்த முகமற்ற திகிலைச் சாதாரண வில்லத்தனமாக்கியது. அதன்பின் பல சீசன்கள் பிரபஞ்ச அழிவைத் தடுப்பதாகவே வளர்ந்தன. ஸ்நாட்கிராஸ் திறந்த வழி ஏறக்குறையத் தூர்ந்தே போனது.

இரண்டு வழிகளும் 2023இல் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. 'பிகார்ட்' மூன்றாம் சீசன் ஏப்ரலில் மறுபடியும் போர்க்கோடு மோதி முடிந்தது: பழைய கப்பல், பழைய முகங்கள், நிறைய வெடிப்பு. ஜூனில் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தன் இரண்டாம் சீசனின் இரண்டாம் அத்தியாயத்தைப் பெரும்பாலும் விசாரணை மன்றத்தில் வைத்தது. மரபணு மாற்றத்தைத் தடைசெய்யும் சட்டம் இருக்க, தான் மாற்றம் பெற்றதை மறைத்துப் பணியில் சேர்ந்த அதிகாரி உனாவுக்காக, அந்தச் சட்டத்தாலேயே காயப்பட்ட தோழி நீரா வாதாடுகிறாள். நீராவாக நடித்த யெடிடே படாக்கி குரலை உயர்த்தாமல், சட்டம் சரியா என்பதை ஒவ்வொரு சாட்சியின் வாயாலும் கேட்கவைக்கிறார். இந்த வகைக்கு இனி எழுத வருபவர்கள் படிக்க வேண்டிய பிரதி இதுவும், ஸ்நாட்கிராஸ் எழுதியதும்தான். கப்பல்கள் மோதிக்கொள்ளும் எதுவுமல்ல.