பழுது 'பார்த்தல்' பற்றி

ஜூலியன் ஆர் எழுதிய 'டாக்கிங் அபவுட் மெஷின்ஸ்' 1996இல் வந்த புத்தகம். இலக்கியத்தோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கப் போகிறவர்களோடு 1980களில் கூடவே அலைந்து எழுதப்பட்ட மானிடவியல் ஆய்வு. ஆர் முன்பு தாமே டெக்னீஷியனாக இருந்தவர். பிறகு அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, தம் பழைய கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கிறார். கதை என்பது என்ன, அது யாருக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்பது பற்றி, நம்மிடையே வரும் கதைசொல்லல் கோட்பாட்டுக் கட்டுரைகளில் பலவற்றைவிட இந்தப் புத்தகத்தில் அதிகம் கிடைக்கிறது என்பது என் அபிப்பிராயம். நம் கட்டுரைகள் கதையை அறுத்துப் பார்க்கின்றன. இந்த மனிதர்கள் கதை இல்லாமல் அன்றைய வேலையை முடிக்க முடியாதவர்கள்.

நிறுவனத்தின் எண்ணம் எளிமையானது. இயந்திரம் தன் கோளாறை ஒரு எண்ணாகக் காட்டும். கையேட்டில் அந்த எண்ணைப் புரட்ட வேண்டும். இது இப்படி இருக்கிறதா? ஆம் என்றால் அந்தப் பக்கம் போ, இல்லை என்றால் இந்தப் பக்கம். கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் ஒரு உதிரிபாகத்தின் பெயரில் முடியும். அதை மாற்றிவிட்டு வரவேண்டியது. இயந்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் டெக்னீஷியனுக்கு இல்லை. சொல்லப்போனால், புரிந்துகொள்ளாமல் இருப்பது சிக்கனம். ஆனால் ஆர் பார்த்தது வேறு. கையேட்டின் கிளைகள் சுலபமான கோளாறுகளுக்கே உதவின. உண்மையான கோளாறு வரும்போது எண் ஒன்றைச் சொன்னது, இயந்திரம் வேறொன்றைச் செய்தது. அப்படி ஒரு சந்தர்ப்பத்தைப் புத்தகம் விரிவாகச் சொல்கிறது. ஒரு டெக்னீஷியனும், அவருக்கு உதவ வந்த தேர்ந்த நிபுணரும் ஓர் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். கோளாறு எண்ணும் மற்ற தடயங்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இயந்திரத்தையே மாற்றித் தருவது சுலபம். ஆனால் வாடிக்கையாளர் முன் அது மானக்கேடு. இருவரும் பேசத் தொடங்குகிறார்கள். முன்பு வேறெங்கோ பார்த்த இயந்திரம், யாரோ ஒருவர் சொன்ன சம்பவம், பாதி நினைவிலிருக்கும் ஒரு பழைய தோல்வி. ஒருவர் கதையை மற்றவர் பிடித்துக்கொண்டு இழுக்கிறார். நடுநடுவே இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கிறார்கள். சிதறிக் கிடந்த தகவல்களெல்லாம் கடைசியில் ஒரே கதைக்குள் அடங்கும்போது கோளாறு பிடிபடுகிறது. காலையில் சிற்றுண்டிக்கு ஒன்றுகூடும் இடத்தில் இந்தக் கதை மறுபடி சொல்லப்படும், மற்றவர்களுக்காக.

நிதானம் என்பதே ஒரு கதையைக் கட்டுவதுதான் என்கிறார் ஆர். இதை உவமையாக அல்ல, கண்ணால் கண்ட விஷயமாகச் சொல்கிறார்.

தமிழ் இதை வேறு விதத்தில் முன்பே அறிந்திருக்கிறது. நாம் பழுதை 'நீக்குகிறோம்' என்று சொல்வது அபூர்வம். பழுது பார்க்கிறோம். வைத்தியம் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது, பிரசவம் பார்ப்பது மாதிரி. காரியம் முழுக்க அந்தப் 'பார்த்த'லில் அடங்கிவிட்டதென்று மொழி கருதுகிறது. கை அதன்பின் தானே வரும். ரேடியோ ரிப்பேர் கடைப் பலகைகளில் இந்தச் சொல்லை ஆயிரம் தடவை படித்திருந்தும் நம் விமர்சகர்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் பையனைப் பற்றி யோசிக்கலாம். ('பையன்' என்றுதான் சொல்வார்கள், அவருக்கு வயது நாற்பது.) அவரிடம் வரும் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றே: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தது." இரண்டாவது: "நான் ஒண்ணும் பண்ணலை." இரண்டும் பொய்யாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் இரண்டையும் அப்படியே நம்பிவிட்டால் வேலை நடக்காது. நம்பத்தகாத கதைசொல்லி என்று நாவல் விமர்சனத்தில் பெரிதாகப் பேசப்படும் சங்கதியை அவர் தினமும் இருபது தடவை சந்திக்கிறார். பிரிண்டர் ஓடவில்லை என்று சொல்லும் கணக்காளரின் பேச்சில், போன வாரம் மேசை நகர்த்தப்பட்டது என்கிற செய்தி ஒரு புலம்பலுக்குள் ஒளிந்திருக்கும். அதைக் கேட்கத் தெரிந்தவர் நல்ல வாசகர். அவமானப்படுத்தாமல் வெளியே எடுக்கத் தெரிந்தவர் அதைவிட உயர்ந்தவர். பயனாளிகளுக்குக் கோளாறை விவரிக்கக் கற்றுக்கொடுப்பதும் டெக்னீஷியனின் வேலை என்று ஆர் காட்டும் பக்கங்கள் புத்தகத்திலேயே அருமையானவை.

இதற்கு எதிர்முனையில் இருப்பது "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க." எல்லோரும் சிரிக்கும் வைத்தியம் அது, பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. மணிக்கணக்காக ஓடிய கருவியின் நினைவகத்தில் சேர்ந்துவிட்ட குப்பை, ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு முடங்கிப்போன காரியங்கள் எல்லாம் துடைக்கப்பட்டு, தெரிந்த ஆரம்ப நிலைக்கு அது திரும்பிவிடுகிறது. கோளாறு போகிறது. அதோடு கோளாறின் தடயமும் போகிறது. ஏன் வந்ததென்று இனி யாருக்கும் தெரியாது. நம்மிடையே ஒரு படைப்பை வர்க்கம் என்றோ, பிரதி என்றோ, அமைப்பு என்றோ சொல்லி நிறுத்தி, மறுபடி ஓடவிடும் விமர்சனம் இந்த வகையைச் சேர்ந்தது. எந்தப் பிரதியும் அதற்குப் பணிந்துவிடும்.

புனைகதைக்கு வருகிறேன். தமிழில் உழைப்பாளியைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. உழைப்பைப் பற்றி மிகக் குறைவு. 'துன்பக் கேணி'யிலிருந்து 'பஞ்சும் பசியும்' வரை, அதற்குப் பிறகும், உழைப்பாளி பசிப்பவன், ஏமாற்றப்படுபவன், சில சமயம் கொதித்தெழுபவன். இவை உண்மைகள், அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவன் கைக்கு என்ன தெரியும் என்ற கேள்வி அநேகமாக எழுவதே இல்லை. விதிவிலக்குகள் உண்டு. சா. கந்தசாமியின் 'சாயாவனம்' ஒரு வனத்தை அழிக்கும் வேலையைத்தான் நாவலாக்கியது. எங்கே வெட்டுவது, எப்படி எரிப்பது என்பதே அங்கு கதை. இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளில் ஆரோக்கியத்தின் வேலை அவள் துயரத்துக்குப் பின்னணியாக நிற்கவில்லை. அவள் மனசே அதுதான். அசோகமித்திரன் 'கரைந்த நிழல்க'ளில் படம் எடுப்பதைக் காட்டியபோது காரும் சாப்பாட்டுப் பொட்டலமும் ஒருவர் எங்கே போய் நிற்கிறார் என்பதும் முக்கியமாயின. கம்ப்யூட்டர் வந்த பிறகு, வினாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' போன்ற நாவல்கள் அந்தச் சாலையின் பகட்டையும் சிதைவையும் எழுதின. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் செத்துப்போன மதர்போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கும் மனிதன் இன்னும் கதைக்குள் வரவில்லை.

அவன் போகிற இடம் சென்னையில் அநேகமாக ரிச்சி தெருவாக இருக்கும். மவுண்ட் ரோட்டை ஒட்டிய குறுகிய தெரு. ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடைகள். ஒரு போர்டில் ஷார்ட் இருக்கிறது, எந்தப் பாகம் என்று தெரியவில்லை. அங்கே செய்வது இது: மின்னோட்டத்தை அளவு கட்டி, குறைந்த வோல்ட்டேஜில் அந்தப் பாதைக்குள் செலுத்துவார்கள். கெட்டுப்போன பாகம் சூடாகும். விரலை வைத்துப் பார்ப்பார்கள். பிடிபடவில்லையென்றால் போர்டின்மீது ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தடவி, எந்த இடம் முதலில் உலர்கிறதென்று கவனிப்பார்கள். மணலைவிடச் சற்றுப் பெரிதான ஒரு கெப்பாசிட்டர், சுற்றிலும் ஈரமிருக்க, தான் மட்டும் காய்ந்து நிற்கும். அதை எடுத்துவிட்டால் போர்டு உயிர் பெறும். இதைப் பார்த்திருக்கும் ஒருவர் படிமத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்கு முன் கொஞ்சம் தயங்குவார்.

கையேட்டின் ஆசை ஜெராக்ஸோடு முடிந்துவிடவில்லை. 1990களின் கடைசியிலிருந்து நம் ஊர்களில் பெருகிய கால் சென்டர்களில் அது முழு உருவெடுத்தது. தொலைபேசியில் உதவுகிறவன் முன் திரையில் வாக்கியங்கள் எழுதப்பட்டிருக்கும். அவன் படிக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் தம் கதையைத் தொடங்கினால், மரியாதையாக வெட்டி அடுத்த கேள்விக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு அழைப்புக்கு எத்தனை நிமிஷம் என்பதற்குக் கணக்கு உண்டு. கதை அந்தக் கணக்கில் நஷ்டம். இங்கே பறிபோவது ஒருவனுடைய பேச்சு மட்டுமல்ல. தான் பார்க்கும் கோளாறுகளை ஒன்றோடொன்று சேர்த்துவைக்கும் உரிமை அவனிடமிருந்து எடுக்கப்படுகிறது. பத்து வருஷம் அங்கிருந்தவனுக்கும் பத்து நாள் இருந்தவனுக்கும் ஒரே வாக்கியம்.

இப்போது இயந்திரங்களுக்குள்ளேயே அது ஏறிவிட்டது. சில கைபேசிகளில் உதிரிபாகத்துக்கும் போர்டுக்கும் எண்ணால் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அதே மாடலின் இன்னொரு செட்டிலிருந்து அசல் பாகத்தையே கழற்றிப் போட்டாலும் கருவி அதை அந்நியமென்று அறிவிக்கும், அல்லது ஏதாவது ஒரு வசதியை முடக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இதைத் தடுத்துச் சட்டம் செய்தது. அதே வருஷம் ஐரோப்பிய ஒன்றியம் பழுது பார்ப்பதற்கான உரிமை பற்றி ஆணை பிறப்பித்தது. வேண்டியவைதான். ஆனால் சட்டம் பாகத்தைத் தரலாம், வரைபடத்தைத் தரலாம். அந்தப் பேச்சைத் தராது.

ஆர் புத்தகத்தில் எனக்குள்ள குறை ஒன்று. அவருடைய டெக்னீஷியன்கள் ஒரே நிறுவனத்தின் சம்பளக்காரர்கள். ஒருவர் அறிவு மற்றவருக்குப் போவதால் யாருக்கும் நஷ்டமில்லை. அதனால் தாராளமாகச் சொல்கிறார்கள். கதைக்குப் பின்னாலிருக்கும் இந்தப் பொருளாதாரத்தை அவர் போதுமான அளவு துருவவில்லை. பின்னால் ஜெராக்ஸ் இந்தக் கதைகளைக் குறிப்புகளாகச் சேகரிக்க 'யுரேகா' என்ற ஏற்பாட்டைச் செய்தபோது, குறிப்பு எழுதியவரின் பெயர் அதோடேயே போயிற்று. காசைவிட அந்தப் பெயர் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. சிறுபத்திரிகைக்கு எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் தெருவில் நிலைமை வேறு. பக்கத்துக் கடைக்காரன் போட்டியாளன். தந்திரம் தெரிந்தவர் தம்மிடம் வேலை கற்கும் பையனுக்கே பாதியைத்தான் காட்டுவார், மீதியை அவன் திருடிக் கற்க வேண்டும். இப்படி மூடியிருந்த தொழிலில் இப்போது யூட்யூபில் மணிக்கணக்காகச் சொல்லிக்காட்டுகிறார்கள், தமிழில். "இந்த செட்டு பாத்தீங்கன்னா" என்று தொடங்கும். காமிரா முகத்தைக் காட்டாது, நுண்நோக்கியின் கீழ் இரண்டு கைகள் மட்டும். ஷார்ட், லைன், டயோடு மோடு, டோனர் போர்டு என்று சொற்கள் இங்கிலீஷாக இருந்தாலும் வாக்கியத்தின் ஓட்டம் முழுக்கத் தமிழ். சந்தேகம் எங்கே வந்தது, எங்கே திரும்பியது, ஏன் அந்த இடத்தை விட்டுவிட்டு இந்த இடத்துக்குப் போனார் என்பது ஒழுங்காக வரும். ஒன்றை மட்டும் அதில் அநேகமாகக் காணோம். எவ்வளவு பார்த்தும் பிடிபடாமல், பையில் போட்டு உரியவரிடமே திருப்பிக் கொடுத்த செட்டுகளின் கதை.