பெயர் மிகுந்து வினை குன்றிய பொறித்தமிழ்: சுழலித் தொடக்கமும் கட்டுப்பாடும் எழுதப்படும் நடை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மின்னாக்க நிலையங்களின் சுழலிகளைத் தொடக்குதல், கட்டுப்படுத்துதல், நிறுத்துதல் ஆகிய செயல்களை விளக்கும் தமிழ் உரைநடை, கலைச்சொற்களாகிய பெயர்களில் செலுத்திய கருத்தை வினைகளில் செலுத்தவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நேர்பெயர்ப்புச் சொற்கள் தரும் பொருள்மயக்கம், ‘கட்டுப்பாடு’ என்னும் சொல்லின் ஒருபக்கச் சாய்வு, செயப்பாட்டு வினை மறைக்கும் வினைமுதல் ஆகிய மூன்றும் ஆராயப்படுகின்றன. கிணற்றுப் பாசனம் வழங்கும் ஊர்களின் பேச்சுவழக்கில் இவ்வேறுபாடுகள் பிழையின்றிப் பேணப்படுவது ஒப்புநோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொறித்தமிழ், கலைச்சொல், சுழலி, வினையெச்சம், செயப்பாட்டு வினை, கணியம்பாடி.

முன்னுரை

தமிழில் அறிவியல் கலைச்சொல்லாக்கம் ஒரு நூற்றாண்டைக் கடந்த முயற்சி. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் முன்னின்று தொடங்கிய பரிபாஷைச் சங்கம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியம் ஆகியவை அதன் மைல்கற்கள். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் பயிற்றத் தொடங்கியபோது, இம்முயற்சி அகராதியிலிருந்து வகுப்பறைக்குள் வந்தது.

அகராதி இயல்பாகவே பெயர்களின் தொகுப்பு. பொறியின் உறுப்புகளைச் சுட்ட அது போதும். பொறியை ஓட்டப் போதாது. ஒரு சுழலியைத் தொடக்குவதென்பது எதை முதலில் செய்வது, எது நிகழும்வரை காத்திருப்பது, எது நேர்ந்தால் கைவிடுவது என்னும் வினைகளின் கோவை. ஆகவே இத்துறை எழுத்தை அளக்கும் கோல் அதன் வினைச்சொற்களே.

யாருக்காக இந்த எழுத்து என்பதும் கருதத்தக்கது. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் செல்லும் சாலையில், ஜவ்வாது மலைத்தொடரை நோக்கிய நிலப்பரப்பில் அமைந்தது கணியம்பாடி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமான அவ்வூரில் பொறியியல் கல்லூரியும் உண்டு. கிணற்று மோட்டாரால் பாயும் கழனிகளும் உண்டு. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, வீட்டில் மோட்டார் போட்டுப் பழகிய கையோடு பொறியியல் கற்க வரும் மாணவரே பொறித்தமிழின் இயல்பான வாசகர். இக்கட்டுரை கணியம்பாடியை அத்தகைய வாசகரின் இடமாகக் கொள்கிறது. கீழே காட்டப்படும் தொடர்கள் எந்நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. நடையின் இயல்பை விளக்க அமைக்கப்பட்டவை.

1. தொடக்கம் என்னும் வினைக்கோவை

வளிமச் சுழலி தானாகத் தொடங்க வல்லதன்று. தொடக்க மோட்டாரோ வேறொரு பொறியோ முதலில் அதன் தண்டைச் சுழற்ற வேண்டும். அச்சுழற்சியால் உட்புகும் காற்று, முந்தைய ஓட்டத்தில் எஞ்சிய எரிபொருளாவியை வெளியேற்றும். அதன் பின்னரே எரிபொருள் திறக்கப்பட்டுப் பொறி பற்றவைக்கப்படும். பற்றிய பின்னும் சிறிது நேரம் தொடக்க மோட்டாரின் துணை வேண்டும். தன் ஆற்றலாலேயே வேகமேறும் நிலையைச் சுழலி அடைந்ததும் துணை விலகும். 50 ஹெர்ட்சு வலைப்பின்னலில் இரு முனை மின்னாக்கி நிமிடத்திற்கு 3000 சுற்று சுழலும். மின்னழுத்தம், அதிர்வெண், கட்ட வரிசை, கட்டக் கோணம் ஆகியவை வலைப்பின்னலோடு பொருந்திய பின்பே இணைப்புச் சாவி மூடப்படும்.

இக்கோவையை எழுதத் தமிழிலக்கணத்தில் கருவி குறைவில்லை. தொல்காப்பிய வினையியல் வகுத்த எச்ச வாய்பாடுகளுள் செய்து, செய, செயின் ஆகிய மூன்றே பெரும்பகுதிக்குப் போதும். ‘செய்து’ முன்பின் வரிசையைக் காட்டும். ‘செய’ ஒன்றன் நிகழ்வோடு மற்றொன்று நிகழ்வதைக் காட்டும். ‘செயின்’ நிபந்தனையைக் காட்டும். “எரிபொருளைத் திறந்து பற்றவைக்க”, “வேகம் ஏற ஏற வெப்பநிலை தணியும்”, “வெப்பநிலை வரம்பை மீறின் எரிபொருளை உடனே அடைக்க” என்னும் மூன்று தொடர்களில் தொடக்கத்தின் வரிசையும் இயல்பும் எச்சரிக்கையும் அடங்கிவிடுகின்றன.

‘செய்து’ என்னும் எச்சம் தன் வினைமுதலையே முடிக்கும் வினைக்கும் வினைமுதலாகக் கொள்ளும். இவ்விதியை மறந்தால் நேரும் பிழை இலக்கணத்தோடு நிற்பதில்லை. “எஞ்சிய ஆவி வெளியேறி எரிபொருள் வால்வைத் திறக்க வேண்டும்” என்னும் தொடரில் வெளியேறுவது ஆவி, திறப்பவர் பணியாளர். இரண்டையும் ஒரே மூச்சில் இணைத்ததால், இடையிலிருந்த காத்திருப்பு மறைந்துவிடுகிறது. “எஞ்சிய ஆவி முற்றும் வெளியேறிய பின்னரே வால்வைத் திறக்க வேண்டும்” என்னும்போதுதான் காத்திருப்பு ஒரு கட்டளையாகிறது. எஞ்சிய ஆவியோடு பற்றவைத்தால் வெடிப்பு நேரலாம். அந்த இடைவெளியைச் சொல்வது ‘பின்னரே’ என்னும் ஒரு சொல்.

2. பெயர்ப்பால் விளையும் மயக்கம்

ஆங்கில வழக்கில் ‘ஹாட் ஸ்டார்ட்’ என்பது இரு வேறு பொருள் தரும். வானூர்திச் சுழலியில் அது ஒரு கோளாறு: தொடக்கத்தின்போது புறப்போக்கு வளியின் வெப்பம் வரம்பை மீறுவது. அனல்மின் நிலையத்தின் நீராவிச் சுழலியில் அது முறையான வகைப்பாடு: சற்றுமுன் நிறுத்தப்பட்டு, உலோகம் இன்னும் ஆறாத நிலையில் மீண்டும் தொடக்குவது. முதலாவதில் உடனே நிறுத்த வேண்டும்; இரண்டாவதில் உலோகத்தின் வெப்பத்திற்கேற்ற நீராவியைச் செலுத்தித் தொடர வேண்டும். ‘சூடான தொடக்கம்’ என்று பெயர்த்தால், நிறுத்துவதற்கும் தொடர்வதற்கும் ஒரே பெயர் அமைந்துவிடும்.

மூலமொழியின் மயக்கத்தைச் சுமக்கும் கடப்பாடு தமிழுக்கு இல்லை. கோளாற்றை ‘வெப்பமீறிய தொடக்கம்’ எனலாம். நீராவிச் சுழலியின் மூவகைகளை ‘ஆறிய தொடக்கம்’, ‘அரையாறிய தொடக்கம்’, ‘ஆறாத் தொடக்கம்’ எனலாம். ‘ஆறு’ என்னும் வினை, அடுப்பங்கரையிலிருந்து கொல்லன் உலைவரை எல்லாரும் அறிந்தது. காலம் கழிய வெப்பம் குறைவதை அது தன்னுள் கொண்டது.

பற்றிய பின்னும் வேகமேறாமல் இடையில் நின்றுவிடும் தொடக்கத்தைத் ‘தொங்கு தொடக்கம்’ என்பது மற்றொரு நேர்பெயர்ப்பு. அதனை ‘ஏறாத் தொடக்கம்’ எனின் பொருள் துலங்கும். ஆயினும் இரைச்சல் மிகுந்த சுழலிக் கூடத்தில் ‘ஆறா’, ‘ஏறா’ ஆகியவை செவிக்கு ஒன்றாகக் கேட்கும் இடர் உண்டு. ஆதலின் ‘வேகமேறாத் தொடக்கம்’ என்பதே தக்கது. கலைச்சொல்லைக் கண்ணுக்கு மட்டும் சமைக்கும் வழக்கம் இங்குத் திருந்த வேண்டும்.

தண்டின் இயல்பதிர்வோடு சுழற்சி ஒத்துப்போவதால் அதிர்வு பெருகும் வேகத்தை ‘மாறுநிலை வேகம்’ எனப் பெயர்ப்பதும் இத்தகையதே. வேதியியலில் ‘மாறுநிலை வெப்பநிலை’ என்பதில் பொருளின் நிலை உண்மையில் மாறுகிறது. இங்கு மாறுவது ஏதுமில்லை. அவ்வேகத்தில் தங்காமல் விரைந்து கடக்க வேண்டும் என்பதே செய்தி. பள்ளிப் பாடநூலில் பழகிய சொல்லைக் கொண்டு ‘ஒத்ததிர்வு வேகம்’ என்றால், ஏன் தங்கக்கூடாது என்பதும் பெயரிலேயே விளங்கும்.

3. ‘கட்டுப்பாடு’ என்னும் சொல்லின் சாய்வு

தமிழ் வழக்கில் கட்டுப்பாடு என்பது தடுத்தலையும் குறைத்தலையும் சுட்டும். ஊர்க்கட்டுப்பாடு, விலைக்கட்டுப்பாடு, உணவுக்கட்டுப்பாடு ஆகிய எவற்றிலும் கூட்டுதல் என்னும் பொருள் இல்லை. சுழலியின் கவர்னரோ சுமை குறையும்போது நீராவியைக் குறைக்கும்; சுமை ஏறும்போது கூட்டும். “சுமை ஏறும்போது கவர்னர் நீராவியைக் கட்டுப்படுத்தும்” என்று எழுதினால், நீராவி குறையும் என்றே தமிழ் வாசகர் கொள்வார். நிகழ்வது அதற்கு நேர்மாறு. துறைச்சொல்லாகக் கட்டுப்பாடு நிலைத்துவிட்டது. அதனை விலக்குதல் அரிது. ஆனால் விளக்கத் தொடர்களில் ‘கூட்டும்’, ‘குறைக்கும்’ என்னும் வெளிப்படையான வினைகளை ஆள்வதற்குத் தடையில்லை.

கவர்னரின் ‘சரிவு’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. முழுச் சுமையில் 3000 சுற்று ஓடுமாறு அமைந்த, 5 விழுக்காட்டுச் சரிவுடைய சுழலி, சுமை முற்றும் நீங்கின் 3150 சுற்றில் நிலைகொள்ளும். பல சுழலிகள் ஒரே வலைப்பின்னலில் சுமையைத் தத்தம் திறனுக்கேற்பப் பகிர்வது இவ்வமைப்பால்தான். ‘உற்பத்திச் சரிவு’, ‘விலைச் சரிவு’ எனக் கேட்டுப் பழகிய செவிக்குச் சரிவு ஒரு குறைபாடாகத் தோன்றும். வேண்டுமென்றே வைத்த பண்பு என்பது தோன்றாது. ‘பகிர்வுச் சாய்வு’ என்பது பயனை முன்வைக்கும் பெயராகும்.

இலங்கைத் தமிழில் ‘ஆளி’ என்பது மின்சாவியைக் குறிக்கும். ஆளுதல் என்னும் வேர் கருதிக் கவர்னருக்கு அப்பெயரைத் தர முற்படுவோர், கடலுக்கு அப்பாலுள்ள தமிழ் வாசகரை நினைவிற்கொள்ள வேண்டும்.

4. செயப்பாட்டு வினை மறைப்பது

“சுழலி நிறுத்தப்பட்டது” என்னும் தொடர் பொறித்தமிழுக்கு மிக இயல்பானது. நிறுத்தியது யார் என்பது இதில் இல்லை. பணியாளர் திட்டமிட்டு நிறுத்தினாரா, மிகைவேகக் காப்பு அமைப்பு தானே செயற்பட்டு நிறுத்தியதா, நீராவி குன்றி நின்றுவிட்டதா என்னும் மூன்றும் வெவ்வேறு நிகழ்வுகள். முதலாவதற்குப் பின் வழக்கமான மறுதொடக்கம் போதும். இரண்டாவதற்குப் பின், காரணம் கண்டறியும்வரை தொடக்குதல் கூடாது. மூன்றாவதில் கொதிகலன் பக்கம் செல்ல வேண்டும்.

தன்வினை, பிறவினை வேறுபாட்டைச் சொல்லின் உருவிலேயே காட்டும் மொழி தமிழ்: நின்றது, நிறுத்தினார், சுழன்றது, சுழற்றினார். ‘ட்ரிப்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கையாளும் பணியாளரின் பேச்சிலும் இவ்வேறுபாடு மாயவில்லை. ‘ட்ரிப் ஆயிடுச்சு’ என்பது காப்பு அமைப்பின் செயல். ‘ட்ரிப் பண்ணிட்டோம்’ என்பது மனிதர் முடிவு. பெயர் கடனாக வந்தது; வினை தமிழாகவே நின்றது. தூய சொல்லில் எழுதிய நூல்நடை இழந்த நுட்பத்தை, கலப்புச்சொல் பேசும் கூடம் காத்து வைத்திருக்கிறது. தூய்மையையே ஒரே அளவுகோலாகக் கொண்ட மதிப்பீடு இதனைக் காணாது.

5. கிணற்றுமேட்டின் வினைகள்

கணியம்பாடி போன்ற ஊர்களின் கிணற்றுமேட்டில் இதே நுட்பம் நாள்தோறும் வழங்குகிறது. “மோட்டார் ஓடுது, தண்ணி எடுக்கல” என்றால் சுழற்சி உண்டு, பயன் இல்லை. ஃபுட் வால்வைப் பார்க்க வேண்டும். “முனகுது, சுத்தல” என்றால் மும்முனை மின்சாரத்தில் ஒருமுனை அற்றிருக்கலாம். உடனே நிறுத்தாவிடில் சுருள் எரியும். “நின்னுபோச்சு” வேறு, “நிறுத்திட்டேன்” வேறு. ஒவ்வொரு வினையும் ஒரு நோயறிதல். அடுத்து என்ன செய்வது என்பதும் அதனுள் அடக்கம்.

வேகமேறாத் தொடக்கத்தைப் புரிந்துகொள்ள அம்மாணவருக்கு நெடும்பயணம் தேவையில்லை. ஓடியும் நீரெடுக்காத மோட்டாரை அவர் அறிவார். பாடநூல் அவ்வறிவைத் தொட்டுத் தொடங்காமல், ‘தொங்கு தொடக்கம் கண்டறியப்படும்’ என்று எழுதும்போது, அவர் தெரிந்ததையும் தெரியாததாக எண்ணிக்கொள்கிறார். தமிழ்வழிக் கல்வி கடினம் என்னும் எண்ணத்திற்கு மொழியைக் குற்றம்சாட்டுவது எளிது. இத்தகைய நடையின் பங்கையும் ஆராய வேண்டும்.

6. இருளிலிருந்து தொடங்குதல்

தொடக்கத்தைப் பற்றிய எழுத்து ஏன் துல்லியமாக அமைய வேண்டும் என்பதை 2012 சூலை 30, 31 நாள்களில் இந்தியாவின் வடபகுதியில் நேர்ந்த பெரும் மின்தடை உணர்த்தியது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு வலைப்பின்னல்கள் மூன்றும் வீழ்ந்தன. தென்னக வலைப்பின்னல் அப்போது அவற்றோடு ஒத்தியங்கவில்லை. 2013 திசம்பர் 31-இல்தான் இணைந்தது. அன்றுமுதல் தமிழகமும் அந்த ஒரே பெரும் சுழற்சியின் உறுப்பு.

வீழ்ந்த வலைப்பின்னலை எழுப்புவதில் ஒரு முரண் உண்டு. அனல்மின் நிலையத்தின் விசிறிகளுக்கும் நீரேற்றிகளுக்கும் நிலக்கரி ஆலைகளுக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் ஆக்கவே மின்சாரம் வேண்டும். ஆகவே சிறு துணையோடு எழ வல்ல நீர்மின் நிலையங்களும் வளிமச் சுழலிகளும் முதலில் எழுந்து, பிறவற்றை எழுப்ப வேண்டும். தமிழகத்தில் 1932-இல் தொடங்கிய பைக்காரா போன்ற நீர்மின் நிலையங்களும், 1996 முதல் இயங்கிய, நான்கு 30 மெகாவாட் அலகுகளைக் கொண்ட சென்னைப் பேசின் பாலம் நிலையமும் இவ்விரு வகைகளுக்குச் சான்று. ‘பிளாக் ஸ்டார்ட்’ எனப்படும் இச்செயலைக் ‘கறுப்புத் தொடக்கம்’ என்பது நிறத்தைப் பெயர்க்கும், பொருளைப் பெயர்க்காது. ‘அயல்மின்னின்றித் தொடக்குதல்’ என்பது என்ன இல்லை, என்ன செய்ய வேண்டும் என்னும் இரண்டையும் சொல்கிறது. நெருக்கடியில் கையிலெடுக்கும் குறிப்பேட்டில் ஒரு சொல்லுக்கு இருமுறை பொருள்தேட நேரமிராது.

முடிவுரை

சுழலித் தொடக்கமும் கட்டுப்பாடும் குறித்த பொறித்தமிழின் குறை சொற்பஞ்சமன்று, வினையைப் பேணாமை. பெயர்களைச் செறித்து, வினைகளைச் ‘செய்யப்படும்’, ‘மேற்கொள்ளப்படும்’ என்னும் இரண்டொரு வாய்பாடுகளில் முடக்கும் நடை, யார் செய்வது, எப்போது செய்வது, எது நேரின் விடுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடைதராது. இம்மூன்றுக்கும் விடைதரும் எச்சங்களும் தன்வினை, பிறவினை உருவங்களும் இலக்கணத்தில் உள்ளன. பேச்சிலும் உயிரோடு உள்ளன.

எனவே பொறியியல் நூல்களை மதிப்பிடும் குழுக்கள் கலைச்சொற் பட்டியலைச் சரிபார்ப்பதோடு அமையாது, வினைத்தொடர்களையும் சோதிக்க வேண்டும். ஒரு தொடக்கமுறைப் பத்தியைப் பொறியியல் அறியாத, ஆனால் மோட்டார் ஓட்டியறிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டி, முதலில் எதைச் செய்வார், எங்கே காத்திருப்பார், எப்போது கைவிடுவார் எனக் கேட்பது எளிய சோதனை. கணியம்பாடிக் கிணற்றுமேட்டில் தடுமாறாத பத்தி, சுழலிக் கூடத்திலும் தடுமாறாது.