மக்ரூனும் சாளைக் குழம்பும்

தூத்துக்குடியில் எங்கே சாப்பிடலாம் என்று வரும் கட்டுரைகளெல்லாம் ஒரே அச்சு. பொரிச்ச பரோட்டா, சால்னா, முந்திரி மக்ரூன், நடுவில் முத்துக்குளிப்புக்கு ஒரு பெருமூச்சு (கடைசியாகக் குளித்தது 1961-ல்). ருசியில் குறையில்லை. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான் மக்ரூன், ஆச்சரியம்தான்.

ஆனால், அடுப்போடு ஒரு வீட்டை வாரத்துக்கு வாடகை பிடித்து, குடும்பத்தோடு தங்குகிறவர் மக்ரூனை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவார்? திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு கரையேறும்போது சாளை வாங்கி, புளியும் ஊர் உப்பும் போட்டுக் குழம்பு வைத்தால் நாலு வயிறு நிறையும். 2013-ல் வந்த அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியும் இவர்கள் கண்ணில் படாது. சாயங்காலம் பரோட்டா தின்றுவிட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸைப் பிடிக்கிறவருக்கு மளிகைக்கடை எதற்கு?