அறிவுரை போதுமா? சுவெட்டோ ஆய்வு பற்றி ஒரு மதிப்புரை

எய்ட்ஸ் தடுப்பு அறிவுரைகளை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒழுக்கத்தோடு இருங்கள், துணைக்கு உண்மையாக இருங்கள், ஆணுறை அணியுங்கள் என்பனவே அவை. மூன்றும் சரியே. ஆனால் முடிவு செய்யும் உரிமையே பெண்ணிடம் இல்லையென்றால்? 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை இக்கேள்வியை அளந்து பார்த்தது.

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சுவெட்டோ, நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ஒதுக்கிக் குடியமர்த்திய பகுதி. அங்கே நான்கு மருத்துவ நிலையங்களுக்கு வந்த 1,366 கர்ப்பிணிகளிடம் டங்கிள், ஜுக்ஸ் ஆகியோரின் குழு விவரம் கேட்டு, எச்.ஐ.வி. சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டது. துணைவனின் வன்முறைக்கு ஆளானோரிடையே தொற்றுக்கான வாய்ப்பு விகிதம் 1.48 மடங்கு, அவனது கடும் கட்டுப்பாட்டில் வாழ்ந்தோரிடையே 1.52 மடங்கு.

துணைவரல்லாதார் செய்த பாலியல் வன்முறைக்கும் தொற்றுக்கும் இவ்வாய்வில் தொடர்பு தென்படவில்லை. இதைத் தவறாகப் படிக்கக் கூடாது. ஒருமுறை நேரும் வன்முறையிலும் தொற்று வரலாம். 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கியாக வேண்டும். அன்றாடம் தொடரும் ஆதிக்கமும் ஆபத்தானது என்பதே இங்குள்ள பாடம்.

இனி, குறைகளைப் பார்ப்போம். பெண்களை மட்டுமே கேட்டார்கள். அவர்களும் கர்ப்பிணிகள் மட்டுமே. மேலும், இது ஒரு நேரத்தில் எடுத்த புகைப்படம் போன்றது. ஓடும் வண்டியின் படத்தை மட்டும் பார்த்து அது எத்திசையில் போகிறது என்று சொல்ல முடியுமா? வன்முறை முந்தியதா, தொற்று முந்தியதா என்பது இதில் தெரியாது.

அக்குறையை ஜுக்ஸ் குழுவினரே 2010இல் நீக்கினர். இம்முறை களம் கிழக்கு கேப் மாகாணம். தொற்று இல்லாத 15 முதல் 26 வயதுவரையான 1,099 பெண்களை ஏறத்தாழ இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 128 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. துணைவனால் ஒருமுறைக்கு மேல் வன்முறைக்கு ஆளானோரிடையே தொற்று வீதம் 1.51 மடங்கு. வன்முறை முந்தியது, தொற்று பிந்தியது!

2024இல் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில், ஆண்டுக்கு இருமுறை லெனகாபவிர் ஊசி பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. இதற்குத் துணைவனின் இசைவு தேவையில்லை என்பது பெரும் ஆறுதல். எனினும், ஊசி கிருமியைத் தடுக்கும். ஓங்கும் கையைத் தடுக்காது. அறிவுரை எழுதுவோர் இனி ஆண்களையும் நோக்கி எழுத வேண்டும் என்பதே இவ்வாய்வுகளைப் படித்தபின் நான் கண்ட முடிவு.