பரிசலுக்கு மோட்டார் வேண்டாம், மிதப்பு வேண்டும்

ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்தது என்று செய்தி படிக்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இந்தக் காலத்திலும் மூங்கில் கூடையில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே, காற்றடைத்த ரப்பர் படகும் ஒரு சின்ன மோட்டாரும் வாங்கினால் ஆகாதா? அப்படிப்பட்ட படகுகள் இப்போது எட்டாத பொருள் இல்லை. வினைல் படகு சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. பேட்டரியில் ஓடும் மோட்டாரும் அதே கடையில் கிடைக்கிறது. பண்ணைக்குட்டை வைத்திருப்பவர், தூண்டில் பிரியர், அணைக்கரையில் நிலம் உள்ளவர் என்று பலர் இதை விசாரிக்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. ஆனால் எந்தத் தண்ணீருக்கு என்று கேட்காமல் படகின் விலையை மட்டும் கேட்பதால் பதில் தடம் மாறிவிடுகிறது.

தருமபுரி மாவட்டத்தில் காவிரிக்கு இரண்டு குணம். பிலிகுண்டுலு தாண்டி வந்து ஒகேனக்கல்லில் பாறைகளுக்கு இடையே பிளந்து விழுந்து, குறுகிய இடுக்குகளில் சுழித்து ஓடும் ஆறு ஒன்று. அங்கிருந்து கீழே, நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் விரிந்து கிடக்கும் மேட்டூர் நீர்த்தேக்கம் இன்னொன்று. 1934இல் கட்டி முடித்த ஸ்டான்லி அணை 120 அடி வரை நீரைத் தேக்கும்; அப்போது தருமபுரிக் கரைக்கும் எதிரே உள்ள சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி, கோட்டையூர்க் கரைக்கும் நடுவே கிடப்பது ஓடாத தண்ணீர். ஆற்றில் தேவை பாறையைச் சமாளிக்கும் உடம்பு. தேக்கத்தில் தேவை தூரத்தைக் கடக்கும் சக்தி. இரண்டையும் ஒரே படகிடம் எதிர்பார்ப்பவருக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

பரிசல் ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது? பழமைப் பற்று அதற்குக் காரணமில்லை. 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுக்கீசியரான டொமிங்கோ பாயெஸ், கூடை போல வட்டமாக முடைந்து தோல் போர்த்திய படகுகளில் ஆட்களும் குதிரையும் மாடும் துங்கபத்திரையைக் கடந்ததை எழுதிவைத்தார். எருமைத் தோல் போய் பிளாஸ்டிக் படுதாவும் தாரும் வந்தது தவிர, அந்த வடிவம் அப்படியே இருக்கிறது. காரணம் கணக்கில் தெரியும். இரண்டு மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம் தண்ணீரில் பத்து சென்டிமீட்டர் இறங்கினாலே முந்நூறு கிலோ தாங்கும். ஓட்டியோடு ஆறு பேர் உட்கார்ந்தாலும் அடிப்பாகம் ஒரு சாணுக்குள்தான் அமிழும். முழங்கால் அளவு நீரோடும் பாறை மேலும் போகலாம். முனை என்று ஒன்று இல்லாததால் பாறையில் குத்திக்கொண்டு நிற்பதில்லை. இடித்தால் உருண்டு விலகும். மூங்கில் வளைந்து கொடுக்கும். கிழிந்தால் துணியும் தாரும் போதும். ஆற்றை எதிர்த்து ஏற முடியாத இடத்தில் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு பாறை மேல் நடந்துவிடலாம். எந்த எஞ்சின் படகையும் ஒற்றை ஆள் அப்படித் தூக்க முடியாது.

இவ்வளவு இருந்தும் பரிசலில் ஒரு பெரிய குறை உண்டு. அதை ஓட்டியின் திறமையால் மூடிவிட முடியாது. பரிசல் மிதப்பது உள்ளே தண்ணீர் இல்லாதவரைதான். விளிம்புக்கு மேல் ஒரு அலை உள்ளே புகுந்தாலோ, எல்லோரும் அருவியைப் பார்க்க ஒரே பக்கம் சாய்ந்தாலோ நிறைந்துவிடும். நிறைந்த பிறகு மூங்கில் சட்டம் தன்னைத் தாங்குமே தவிர, அதைப் பிடித்திருப்பவர்களைத் தாங்காது. தரையோடு உட்கார்ந்திருக்கும்வரை அது ஆச்சரியமான நிதானம் உள்ள படகு. ஒருவர் எழுந்து நின்றாலே அந்த நிதானம் போய்விடும். 2015 ஏப்ரலில் ஒகேனக்கல்லில் ஒரு பரிசல் கவிழ்ந்து சென்னையிலிருந்து வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் கண்டிப்பு வந்ததும் அதற்குப் பிறகுதான். கண்டிப்பு என்றாலும், புழுக்கம் தாங்காமல் கொக்கியை மாட்டாமல் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு படம் எடுப்பவர்களை யாரும் பார்க்கலாம். மாட்டாத ஜாக்கெட் ஆள் விழுந்ததும் தனியாக மிதந்து போகும்.

இந்த இடத்தில்தான் காற்றடைத்த படகு பரிசலை வெல்கிறது. நாற்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு காற்றுக் குழாய், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 125 கிலோ தாங்கும். மூன்று மீட்டருக்குள் அடங்கும் சாதாரணப் படகைச் சுற்றி ஆறு மீட்டர் குழாய் இருக்கும். 750 கிலோ மிதப்பு. உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் முங்காது. குழாய் தனித்தனி அறைகளாகப் பிரிந்திருப்பதால் ஒன்று வெடித்தாலும் மற்றவை தாங்கும். பேரிடர் மீட்புப் படையினர் வெள்ளத்தில் ரப்பர் படகோடு இறங்குவது இதனால்தான். ரிஷிகேஷில் கங்கையின் பாய்ச்சலில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்வதும் இத்தகைய படகுகளே. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரிஷிகேஷ் படகுகளில் மோட்டார் கிடையாது, துடுப்புதான்.

ஆனால் மீட்புப் படையின் படகும் சில ஆயிரத்துக்கு வரும் வினைல் படகும் ஒரே இனம் இல்லை. வினைல் என்பது மெல்லிய தாள். உள்ளே துணி இழை கிடையாது. தடித்த பி.வி.சி. படகில் இழையுள்ள துணிக்கு இருபுறமும் பூச்சு இருக்கும். ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் பூசிய துணி அதைவிட வெயிலைத் தாங்கும். விலையும் அதற்கேற்றபடி ஏறும். நம்மூர் வெயிலை வாங்கும்போதே கணக்கில் எடுக்க வேண்டும். விடியற்காலை 25 டிகிரியில் மூன்று பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அடைத்த குழாயை மதியம் கரையில் விட்டுவைத்து அதற்குள் இருக்கும் காற்று 55 டிகிரிக்கு ஏறினால், அழுத்தம் நாலே முக்காலை நெருங்கிவிடும். விலை மலிந்த படகின் ஒட்டுகள் முதலில் பிரிவது அந்த நேரத்தில்தான். காற்றைக் கொஞ்சம் இறக்கி நிழலில் வைத்தால் தப்பிக்கும்; தண்ணீரில் இறக்கும்போது மறுபடி அடிக்க வேண்டும்.

அடுத்தது முள். மேட்டூர் நீர் இறங்கும்போது கரை வெகுதூரம் உள்ளே போகும். காய்ந்த தரையில் சீமைக் கருவேலம் முளைக்கும். படகை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிற வழி முழுக்க முள். சரி, பஞ்சர் ஒட்டினால் ஆயிற்று என்று பென்னாகரத்து டயர் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே உள்ள சொல்யூஷன் ரப்பர் டியூபுக்கானது, பி.வி.சி.யில் அது பிடிக்காது. தனிப் பசை வேண்டும், காய நேரமும் வேண்டும். உள்ளூரில் எவரும் சரிசெய்யக்கூடிய பரிசலோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயமில்லை. வாங்குகிறவர்கள் படகின் விலையைப் பார்க்கிறார்கள், பசை எங்கே கிடைக்கும் என்று பார்ப்பதில்லை.

இனி மோட்டார். இதில்தான் ஆசை அதிகம், ஏமாற்றமும் அதிகம்.

பேட்டரி மோட்டாரின் திறனை 'பவுண்டு தள்ளுவிசை' என்று எழுதி விற்கிறார்கள். குதிரைத்திறனில் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் போலும். 55 பவுண்டு என்று எழுதியிருப்பது 12 வோல்ட்டில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 600 வாட், அதாவது ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. 100 ஆம்பியர்-மணி லெட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால், முழு வேகத்தில் கையில் இருப்பது ஒரு மணி நேரம். பேட்டரி மட்டும் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. லித்தியம் வாங்கினால் எடை பாதியாகும். விலை படகின் விலையைத் தாண்டிவிடும். வேகம் மனிதர் வேகமாக நடப்பதைப் போல. ஓடாத தண்ணீரில், காற்றில்லாத காலையில், மெதுவாகத் தூண்டில் போட்டுக்கொண்டு போக இது அருமையான பொருள். சத்தம் இல்லை, புகை இல்லை. ஆனால் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பதினைந்து இருபது கிலோ எடையும் உயர்ந்த பக்கங்களும் கொண்ட காற்றுப் படகு பாயே இல்லாமல் பாய்மரமாகிவிடும். அந்தக் காற்றை எதிர்த்து 600 வாட்டில் நீர்த்தேக்கத்தைக் கடக்க முயல்வது வீண். ஒகேனக்கல் இடுக்கில் ஆற்றின் வேகம் மோட்டாரின் வேகத்தைவிட அதிகம் என்பதால் அங்கே அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

பெட்ரோல் எஞ்சினில் ஹோண்டா, சுசுகி, யமஹா ஆகியவை 2.3 முதல் 2.5 குதிரைத்திறனில் சிறியவற்றைச் செய்கின்றன. பேட்டரி மோட்டாரைப் போல மூன்று மடங்கு சக்தி. எடை பதின்மூன்று முதல் பதினேழு கிலோ. ஹோண்டாவின் 2.3 காற்றால் குளிரும் எஞ்சின். ஆற்று நீரை உறிஞ்சிக் குளிர்விக்கும் எஞ்சினில் மணலும் சேறும் பம்பைத் தின்னும். இதில் அந்தத் தொல்லை இல்லை. சத்தம் கூடுதல் என்பது அதன் விலை. காற்றுப் படகுக்குக் குட்டைத் தண்டு, அதாவது 15 அங்குலம் வேண்டும். கிடைத்த விலைக்கு 20 அங்குலத் தண்டை வாங்கினால் புரொப்பெல்லர் தேவையில்லாத ஆழத்தில் சுற்றிக் கல்லைத் தேடிப் போகும். தடித்த பி.வி.சி. படகில் பின்பலகை இருக்கும், அதில் மாட்டலாம். வினைல் படகில் இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்றைக் கட்டித் தருவார்கள். அது பேட்டரி மோட்டாருக்கானது, பெட்ரோல் எஞ்சினுக்கு இல்லை.

யாரும் எச்சரிக்காத விஷயம் பெட்ரோல். இப்போது பம்பில் ஊற்றுவதில் 20 சதவீதம் எத்தனால். சிறு படகு எஞ்சின் செய்பவர்கள் பொதுவாக அனுமதிப்பது 10 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு அது பெரிதில்லை, மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் படகு எஞ்சினுக்குக் கார்புரேட்டர் அடைத்துப்போகும். ஒவ்வொரு முறையும் தொட்டியையும் கார்புரேட்டரையும் காலி செய்து வைக்கும் பொறுமை இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

தேக்கத்திலும் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். அணை கட்டியபோது ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி தலை காட்டும். மாதா கோயில் கோபுரமும் தெரியும். வெளியே தெரிவதைப் படம் எடுக்கிறார்கள். அரை அடி ஆழத்தில் தெரியாமல் நிற்கும் சுவர்களும் அடிமரங்களும்தான் புரொப்பெல்லரை உடைப்பவை. மீனவர் விரித்த வலை சுற்றிக்கொண்டால் நஷ்டம் இரண்டு பேருக்கு. தேக்கத்து மீனவர்கள் இன்றும் பரிசலில் வலை விடுவது, வறுமையால் மட்டும் இல்லை. துடுப்பில் வலை மாட்டாது.

சட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் எஞ்சின் வைத்த கலத்தைப் பதிவும் ஆய்வும் கேட்கும் வகையில் சேர்க்கிறது. துடுப்புப் படகு வேறு வகை. ஒகேனக்கல் மேற்பகுதிக் காடு 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, எதிர்க்கரை கர்நாடகத்தின் சரணாலயம். நீர்நாயும் முதலையும் வாழும் அந்த நீரில் எஞ்சின் ஓட்டும் யோசனையை நான் ஆதரிக்கமாட்டேன்.

ஆகவே தேக்கத்தின் கரையில் சொந்தத் தேவைக்குப் படகு வேண்டும் என்பவர் பணத்தை இந்த வரிசையில் செலவழிக்கட்டும்: முதலில் நல்ல லைஃப் ஜாக்கெட்டுகள், பிறகு பின்பலகையுள்ள தடித்த பி.வி.சி. படகு, ஒரு ஜோடி துடுப்பு. ஒரு பருவம் துடுப்பில் போய்ப் பார்த்துவிட்டு மோட்டார். மோட்டாரை முதலில் வாங்கி, மீந்த காசுக்கு வினைல் படகு வாங்குபவர் பணத்தையும் இழந்து ஆபத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

ஒகேனக்கல் பரிசலுக்கோ, ரப்பர் படகிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றே ஒன்று உண்டு. அது மோட்டார் இல்லை, அந்தக் குழாயின் மிதப்பு. பரிசலின் உள்விளிம்பைச் சுற்றி, பதினைந்து சென்டிமீட்டர் கனத்தில் தண்ணீர் குடிக்காத ஃபோம் உருளையைப் படுதாவில் சுற்றிக் கட்டினால் நூறு கிலோவுக்கு மேல் மிதப்பு கிடைக்கும். கழுத்தளவு நீரில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தாங்க ஏழெட்டுக் கிலோ போதும். ஆறு பேருக்கு ஐம்பது கிலோகூட ஆகாது. இடம் கொஞ்சம் குறையும், ஒரு ஆளைக் குறைத்து ஏற்ற வேண்டி வரலாம். பரிசலின் எடை கூடி, தலையில் தூக்குபவர் முணுமுணுப்பார். அது நியாயமான முணுமுணுப்புதான், வருமானமும் குறைகிறதே. அந்த ஒரு ஆளின் கட்டணத்தை ஓட்டியின் தலையில் கட்டாமல், சுற்றுலாப் பயணியிடம் சேர்த்து வாங்க வேண்டும்.

பரிசலுக்கு உரிமம் தருவது பென்னாகரம் ஊராட்சி ஒன்றியம். நீர்வரத்து கூடினால் ஓட்டக்கூடாது என்று தடை போடுகிறார் மாவட்ட ஆட்சியர். தடை வெள்ளக் காலத்துக்கான மருந்து; விபத்து தடை இல்லாத நாளில்தான் நடக்கிறது. அடுத்த முறை உரிமம் புதுப்பிக்கும்போது, விளிம்பில் மிதப்பு கட்டாத பரிசலைத் தண்ணீரில் இறக்கக்கூடாது என்ற ஒரு நிபந்தனையை ஒன்றிய அலுவலகம் சேர்க்க வேண்டும். ஃபோமுக்கான செலவை மாவட்ட நிர்வாகம் ஏற்க வேண்டும்.