அடித்தள அறையில் ஒரு ராக் குழு

1976-இல் வந்த ‘பாஸ்டன்’ குழுவின் முதல் ஆல்பத்தில் கேட்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றை வாசித்தவர் ஒரே மனிதர். டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர். பகலில் போலராய்டு கம்பெனியில் வேலை. சம்பளப் பணத்தில் பதிவுக் கருவிகள் வாங்கி, மாசசூசெட்ஸில் தன் வீட்டு அடித்தள அறையில் கிட்டார், பேஸ், ஆர்கன் என ஒவ்வொன்றாக டேப்பில் ஏற்றினார். பாடியவர் பிராட் டெல்ப்; என்ன குரல் அது!

எனக்கு உயிர் அந்தக் கிட்டார் அடுக்குகள்தான். ‘மோர் தேன் எ ஃபீலிங்’ பாட்டின் நடுவில் வரும் லீடை ஹெட்போனில் கேளுங்கள். ஒரு கிட்டார் மெட்டைச் சொல்ல, இன்னொன்று அதோடு இழைந்து போகும். இரண்டும் ஒரே கை. ஷோல்ஸ், கிட்டார் கலைஞர் ஜோ வால்ஷிடம் ரசித்த முரட்டு ராக் ஒலியும், சிறுவயதில் பியானோவில் பயின்ற மேற்கத்திய செவ்வியல் இசையும் அங்கே சந்திக்கின்றன.

ஆம்ப்ளிஃபயரை முழுக்க முறுக்கினால்தான் அந்தக் கரகரப்பு வரும். வீட்டில் அவ்வளவு சத்தம் வைக்க முடியுமா? ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மின்சக்தியை உறிஞ்சிக்கொள்ளும் கருவியைத் தானே உருவாக்கினார். பின்னர் அது ‘பவர் சோக்’ என்று கடைக்கும் வந்தது.

இசைக் கம்பெனி தொழில்முறை ஸ்டூடியோவில் மறுபடி பதிவு செய்யச் சொன்னது. குழுவின் மற்றவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள். ஷோல்ஸ் அடித்தள அறையிலேயே வேலையைத் தொடர்ந்தார். அமெரிக்காவில் மட்டும் அந்த ஆல்பம் 1.7 கோடிப் பிரதிகளுக்குச் சான்று பெற்றிருக்கிறது.