பின்னால் நிற்கும் கூடைகள்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு காதல் பாட்டாவது எடுக்காத பழைய தமிழ் டைரக்டர்கள் குறைவு. நாயகனும் நாயகியும் நிரைகளுக்கு நடுவே ஓட, பின்னால் கூடைப் பெண்கள் நின்று சிரிப்பார்கள். தானா ராத்தாவில் எங்கள் வீட்டு டிவியில் இதெல்லாம் ஓடும்போது கண் போவது அந்தக் கூடைகளின் மேல்தான். "எல்லாம் வெறுங்கூடை. நெரைக்குள்ள இப்படி ஓடுனா கவாத்துக் குச்சி காலக் கிழிச்சிரும்" என்பார், முப்பது வருடம் கொழுந்தெடுத்த என் பாட்டி. இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

மலைக்குளிரைக் குளிராகவே காட்டிய படம் பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982). ஆனால் அதன் நாயகன் பள்ளி ஆசிரியர். தோட்டத்து லயத்துக்குள் நுழைந்ததற்கு பாலாவின் 'பரதேசி' (2013) வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதை மறுபடி வீட்டில் பார்த்தோம். கங்காணியின் தேன் பேச்சு, முன்பணம், தப்பியோடிப் பிடிபட்டவனின் கால் நரம்பை வெட்டுவது எல்லாம் இன்றும் உலுக்குகிறது. ஆனால் பாலாவுக்கு அடி தெரிந்த அளவு வேலை தெரியவில்லை. கொழுந்தெடுப்பது ஒரு கைத்திறன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலுக்குத் தானாகத் தெரிய வேண்டும். கேமரா அந்த விரல்களைவிட கங்காணியின் கம்பைத்தான் அதிகம் கவனிக்கிறது.

என் பெரிய மனத்தாங்கல் டாக்டரைப் பற்றியது. படத்துக்கு மூலமான 'ரெட் டீ' (தமிழில் இரா. முருகவேளின் 'எரியும் பனிக்காடு') நாவலை எழுதிய பி.எச். டேனியல், தோட்டத்தில் டாக்டராக இருந்தவர். நாவலின் டாக்டர் தொழிலாளர்களின் உயிருக்காக மல்லுக்கட்டுகிறார். படத்திலோ அவர் ஆடிப்பாடி மதம் பரப்பும் கோமாளி. துரைக்கும் கங்காணிக்கும் நடுவே ஆஸ்பத்திரி டிரெசரிடமாவது வாய் திறக்க முடிந்த தோட்டத்து ஜனங்களுக்கு இந்த மாற்றம் சின்ன விஷயமல்ல. எதிர்த்து நிற்க ஒருவருமில்லாமல் போனதும், படத்துக்கு ஒப்பாரி மட்டுமே மிஞ்சுகிறது.

சம்பளக் காட்சியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வருடம் முழுக்க உழைத்தவன் கையேந்தி நிற்க, கடைக் கணக்கு, மருந்துக் கணக்கு என்று கழித்துக் கழித்து இன்னும் கடன் பாக்கி என்கிறார்கள். இன்று எங்கள் மலையில் கொழுந்தை மெஷின் வெட்டுகிறது. அதைப் பிடிப்பவர்களில் வங்காளதேசிகளும் நேபாளிகளும் உண்டு. ஏஜெண்டுக்குக் கடன்பட்டு மலேசியா வந்த ஒருவருக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினால் சப்டைட்டில் தேவைப்படாது.